உஷார்! மழை நின்ற பிறகும் நிற்காத தும்மல்

ஐப்பசியில் தொடங்கிய தும்மல் தை பிறந்தும் நிற்கவில்லையா? காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கிலிருந்து தண்ணீராய் ஒழுகல், கண்ணோரத்தில் அரிப்பு, ராத்திரி படுத்தால் வறட்டு இருமல். ஆனால் காய்ச்சல் மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இதுதான் நிலவரம் என்றால் உஷார்! மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையை மாற்றி மாற்றி வாங்கியது போதும். முதலில் படுக்கையறை பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்துங்கள். பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகளோ சாம்பல் நிறப் படலமோ தெரிகிறதா? மக்கிய வாடை மூக்கில் ஏறுகிறதா? அப்படியானால் சந்தேகப் பட்டியலின் முதல் பெயர் கிடைத்துவிட்டது. பூஞ்சை.

"பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்பார் தாத்தா. "பெயிண்ட் அடிச்சா சரியாயிடும் சார்" என்பார் ஹவுஸ் ஓனர். "பையனுக்குச் சளி உடம்பு" என்பார் பாட்டி. இந்த மூன்று சமாதானங்களும் சேர்ந்துதான் எத்தனையோ குழந்தைகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நெபுலைசர் முன்னால் உட்கார வைக்கின்றன.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் கொஞ்சம் தீனியும்தான். தீனி நம் வீட்டில் எங்கும் கிடக்கிறது. பெயிண்ட், பிளைவுட் பசை, அட்டைப்பெட்டி, பருத்தித் துணி, புத்தகத் தாள், ஒன்றுமில்லாவிட்டால் சுவரில் படிந்த தூசு. ஈரத்தை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்து கொட்டுகிறது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதைத் தாண்டினால் பூஞ்சை வேர்பிடிக்கத் தொடங்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததே, அப்போது நனைந்த இலவம்பஞ்சு மெத்தையை நாலு நாள் வெயிலில் போட்டு மறுபடி கட்டிலில் ஏற்றிய வீடுகள் எத்தனை! உறை காய்ந்திருக்கும், உள்ளே பஞ்சு காய்ந்திருக்காது. வெள்ளத்தில் ஊறிய மெத்தை குப்பைக்குத்தான். மனசு வராதுதான், ஆனாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுவரில் தெரியும் புள்ளி நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. அது காற்றில் உதிர்க்கும் வித்துகள்தான் ஆபத்து. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2, 3 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடிப் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் மூக்கு மயிருக்கும் சளிச்சவ்வுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு நுரையீரலின் அடிவரை போகிறது. கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆல்டர்நேரியா என்று இந்தக் கூட்டத்தில் இன்னும் பலர் உண்டு. இவற்றில் ஆல்டர்நேரியாவிடம் கொஞ்சம் கூடுதல் பயம் நல்லது. அது ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்களுக்குக் கடுமையான மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதிகம்.

எல்லோரும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறோம், ஏன் ஒருவருக்கு மட்டும் என்று கேட்பீர்கள். ஒவ்வாமை என்பது உடம்பின் காவல் அமைப்பு தப்புக்கணக்குப் போடுவது. பூஞ்சையின் புரதத்தை எதிரி என்று முடிவுகட்டி ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வித்து உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. தும்மல், ஒழுகல், அரிப்பு எல்லாம் அதன் வேலை. அம்மா அப்பாவுக்கு ஆஸ்துமாவோ, மூக்கு ஒவ்வாமையோ, தோல் கரப்பானோ இருந்தால் பிள்ளைகளுக்கு இந்தத் தப்புக்கணக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இங்கிலாந்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி ஈர வைக்கோலில் வளர்ந்த பூஞ்சை வித்துகளைத் தானே மூக்கால் இழுத்துப் பார்த்து, தொண்டை கம்மி மார்புச்சளி பிடித்த கதையை 1873இல் எழுதிவைத்தார். நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது. நாம் இன்னும் 'கிளைமேட் சேஞ்ச் ஆயிடுச்சு, அதான் சளி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சாதாரண ஜலதோஷம் வாரம் பத்து நாளில் போய்விடும். உடம்பு வலிக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், வீட்டில் ஒருவர் விட்டு ஒருவருக்கு ஒட்டும். ஒவ்வாமை அப்படி ஒட்டாது. அரிப்புதான் அதன் அடையாளம். மூக்கு, கண், மேலண்ணம், காது உள்பக்கம் எங்காவது அரிக்கும். இன்னொரு அடையாளம் இடம். வெளியூர் போனால் நின்றுவிடுகிற தும்மல், வீடு திரும்பி அந்த அறைக்குள் படுத்த ராத்திரியே ஆரம்பிக்கிறதென்றால், அந்த அறைதான் குற்றவாளி. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளை அங்கே இருமாமல் இருந்ததா என்று மறக்காமல் கேளுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு தகவல் பாதி வைத்தியம்.

ஆகவே பூஞ்சையைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அது அவ்வளவாக வளர்வதில்லை. குளியலறைச் சுவரின் மறுபக்கம் எந்த அறையோ அங்கே ஆரம்பியுங்கள். குழாய் கசிவு டைல்ஸுக்குப் பின்னால் ஊறி, படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதமாக ஏறும். அங்கேதான் கட்டிலின் தலைமாடு இருக்கும். சமையலறை சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்தால் அடிக்கும் வாடைக்குப் பெயர் 'சிங்க் வாடை' இல்லை. பிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள், கறுப்பாக இருக்கும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினின் ரப்பர் வளையமும் அப்படியே. பரணில் பத்து வருஷமாகத் திறக்காத அட்டைப்பெட்டி, மழையில் நனைந்த ஷூவோடு மூடி வைத்த ஷூ ரேக், ஈரத்தோடு மடித்துப் பீரோவில் வைத்த பட்டுப்புடவை, பூஜை அறையில் நாலு நாளாய் வாடிய மாலை, பிள்ளையின் டிபன் பை, தண்ணீர் பாட்டில் மூடியின் ரப்பர், வேலை முடிந்ததும் சுருட்டி மூலையில் வைத்த ஈரப் பாய். தலையணையை மட்டும் மறந்துவிடாதீர்கள். ராத்திரி எட்டு மணி நேரம் மூக்கு அதில்தான் பதிந்திருக்கிறது.

ஏசி தனிக்கதை. ஃபில்டரைக் கழற்றி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று நினைக்கிறோம். தண்ணீர் வடியும் தட்டும் காயிலும் உள்ளே இருக்கின்றன. இருட்டு, ஈரம், தூசு மூன்றும் ஒரே இடத்தில். ஆன் செய்த முதல் ஐந்து நிமிடம் மக்கல் வாடை அடித்தால் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுக் காயிலையும் தட்டையும் கழுவச் சொல்லுங்கள், ஃபில்டரைத் தட்டிவிட்டுப் போனால் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு அறையில் 18 டிகிரியில் ஏசி ஓடும்போது நடுச்சுவர் குளிர்கிறது. அடுத்த அறையில் சாதாரணச் சென்னைக் காற்று, ஈரம் ததும்பி நிற்கிறது. அந்தக் குளிர்ந்த சுவரின் மேல் ஈரம் வியர்வையாகப் படிகிறது. கூரை ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை, ஆனாலும் சுவரில் பூசணம் எப்படி வந்தது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் அடுக்குமாடிக்காரர்கள் ஏசியை 26க்கு ஏற்றிப் பார்க்கலாம்.

புதுவீடு என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். தை முகூர்த்தத்துக்குள் கிரகப்பிரவேசம் முடித்தாக வேண்டும் என்று, மார்கழியில் பூசிய சுவர் காய்வதற்குள் பட்டி பார்த்து இரண்டு கோட் எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பெயிண்டை உப்ப வைக்கிறது. முதல் மழைக்கே கொப்புளம். முகூர்த்தம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது, சுவர் காயட்டும்.

சுவரில் வெள்ளையாய்ப் பூத்ததெல்லாம் பூஞ்சை என்று பதறவும் வேண்டாம். செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வந்து பூப்பதும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கரைந்துவிடும். பூஞ்சை கரையாது. ஆனால் உப்புப் பூத்த சுவர் என்றாலும் உள்ளே ஓதம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இன்று உப்பு, நாளை பூஞ்சை.

இனி அந்த 'பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்' விஷயத்துக்கு வருவோம். இதில் எனக்குக் கோபம் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் 2 வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. குடியிருந்தது வாடகைக் குடியிருப்பில். சுவரெல்லாம் பூஞ்சை என்று தகப்பன் முறையிட்டபோது குடியிருப்பு நிர்வாகத்தார் மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுப் பூஞ்சையில் நெடுநாள் இருந்ததால் வந்த சுவாச நோய்தான் சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குழந்தையின் பெயரால் அங்கே சட்டமே வந்தது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டைக் குறித்த கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று சமூக வீட்டு நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்துகிறது அது. வெறும் ஒவ்வாமையைத் தாண்டிய கொடுமை இது, எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. ஆனால் பூஞ்சையின் மேல் பெயிண்ட் அடிப்பது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பூஞ்சை பெயிண்டையே தின்று மேலே வரும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வீட்டுக் காற்று வழிகாட்டுதலும், ஈரத்தைத் தடுப்பதுதான் முதல் வேலை என்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு, வாடகைக்காரர் உடைத்தால் தவிர. மொட்டைமாடி ஒழுகலும் சுவருக்குள் பதித்த குழாய்க் கசிவும் உங்கள் தலையில் விழ வேண்டியவை அல்ல. போனில் புலம்பாமல் போட்டோ எடுத்து, தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பேச்சுவார்த்தையில் அது உதவும்.

சுத்தம் செய்வதிலும் உஷார் தேவை. மூன்றடிக்கு மூன்றடி அளவுதான் பரவியிருக்கிறது என்றால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் என்றால் ஆள் வைத்து, கசிவையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது, குழந்தையும் கூடாது. என்-95 மாஸ்க், கையுறை, கண்ணாடி. ஃபேனை நிறுத்துங்கள். உலர்ந்த துடைப்பத்தாலோ பிரஷாலோ தேய்க்கவே தேய்க்காதீர்கள், கோடிக்கணக்கான வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் நனைத்துவிட்டு, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிறகு சுவர் முழுசாகக் காய வேண்டும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை கொடுக்கும் என்பதால், கொல்வதைவிடத் துடைத்து அகற்றுவது முக்கியம்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் கறுப்பு வெளுத்துவிடும், வேலை முடிந்த திருப்தி வரும். டைல்ஸுக்குச் சரி. சுவருக்குள்ளும் மரத்துக்குள்ளும் இறங்கிய பூஞ்சையை அது தொடாது, பத்தே நாளில் பழைய புள்ளி திரும்பும். பெரிய ஆபத்து வேறு. பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே உலை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள்.

சாம்பிராணி போட்டால் பூசணம் போய்விடும் என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. வாடை மறையும், அவ்வளவுதான். பூஞ்சை சாகாது, ஏற்கெனவே சிவந்து வீங்கியிருக்கும் மூச்சுக்குழாய்க்குப் புகை இன்னொரு அடி. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி யாரிடமும் சண்டை போடப் போவதில்லை. வீசிங் இருக்கும் பிள்ளையைப் புகை அடங்கும்வரை வெளியே அனுப்பிவிடுங்கள். பீரோவில் போடும் அந்துருண்டையும் பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு இல்லை. அதோடு ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் ரத்த அணுக்களையே சிதைக்கக்கூடியது. தொட்டில் துணி வைக்கும் பீரோவில் அது வேண்டாம்.

வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குக் கஷ்டம், 50க்குக் கீழே இன்னும் கஷ்டம். கடலோரத்தில் மழைக்காலத்தில் இது எளிதில்லை. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, படுக்கையறையில் மாட்டினால் உங்கள் கஷ்டத்தின் அளவு தெரியும். அடைமழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்து 'காத்து வரட்டும்' என்றால் வருவது ஈரம்தான். மழை விட்டு வெயில் தலைகாட்டும்போது திறங்கள். மற்ற நேரம் ஏசியில் டிரை மோடு இருந்தால் போடுங்கள். குளித்து முடித்தபின் அரைமணி நேரம் எக்ஸாஸ்ட் ஓடட்டும். குக்கர் ஆவியும் வீட்டுக்குள்ளேதான் தங்குகிறது. படுக்கையறையில் கொடி கட்டித் துணி காயப்போடுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஒரு வாளி துணி, உள்ளே காய்ந்தால், லிட்டர் கணக்கில் தண்ணீரை அறைக்குள் விடுகிறது. ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க இந்தப் பாடுதான். அங்கே ஈரம் நீக்கும் மெஷின் ஆடம்பரமில்லை.

வேலூர், திருச்சி, மதுரை போன்ற வறண்ட ஊர்க்காரர்கள் 'எங்களுக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஏர் கூலர் இருக்கிறதா வீட்டில்? போன கோடையில் நிறுத்தியதை அப்படியே மூடி வைத்து, இந்தப் பங்குனியில் தண்ணீர் ஊற்றி ஆன் செய்வீர்களா? இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து, நுரையீரல் திசுவே தழும்பாகும் நோய் வந்த 1,084 பேரைப் பதிவு செய்து, 2017இல் முடிவை வெளியிட்டன. 47 சதவீதத்தினருக்கு இருந்தது, மூச்சோடு போகும் பூஞ்சை, பறவை எச்சம் போன்ற தூசுகளால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் கூலர்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரில் ஊறும் புல் பேடும் தேன்கூடு பேடும் தொட்டியும் பூஞ்சைக்குப் பிடித்த இடங்கள், அதன் முன்னால் ஃபேன் வேறு சுற்றுகிறது. பேடை ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றுங்கள், தொட்டித் தண்ணீரை வாரம் இருமுறையாவது கொட்டிக் கழுவுங்கள்.

இந்த நுரையீரல் அழற்சி மூக்கு ஒவ்வாமையைப் போலத் தும்மலோடு வராது. தூசில் இருந்து நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல், இரண்டு நாளில் சரியாகும். மறுபடி அதே இடம், அதே கதை. விட்டால் நுரையீரல் தழும்பேறி, மாடிப்படி ஏற முடியாமல் ஆகிவிடும். ஈர வைக்கோலைப் பிரிக்கும் விவசாயிகளுக்கு வருவது, மக்கிய கரும்புச் சக்கையைக் கையாளும் ஆலைத் தொழிலாளிகளுக்கு வருவது எல்லாம் இந்த வகைதான். வீட்டிலேயே சிப்பிக்காளான் வளர்த்து விற்கும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களிடம் யாரும் சொல்லாத விஷயம் இது. முற்றிய சிப்பிக்காளான் புகைபோல வித்துகளைக் கொட்டும், அந்த வித்தாலும் இந்த நுரையீரல் அழற்சி வரும். குடை முழுக்க விரிந்து தட்டையாவதற்குள் பறித்துவிடுங்கள். காளான் குடிலுக்குள் என்-95 இல்லாமல் போகாதீர்கள். படுக்கையறையை ஒட்டிய அறையில் காளான் பைகளைத் தொங்கவிடாதீர்கள்.

அடுத்த உஷார், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு. இன்ஹேலர் எடுத்தும் அடங்காத இழுப்பு, பழுப்பு நிறத்தில் கெட்டியான சளிக்கட்டிகள், சில சமயம் ரத்தத் துளி, எக்ஸ்ரேயில் நிழல். இதைப் பார்த்ததும் டிபி என்று முடிவுகட்டி ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை மூச்சுக்குழாயிலேயே தங்கி ஒவ்வாமையைக் கிளப்பும் நோய் ஒன்று உண்டு. ஏபிபிஏ என்பார்கள். 1952இல் இங்கிலாந்தில் முதலில் விவரிக்கப்பட்டது. படத்தில் டிபி போலவே தெரியும். டிபி மாத்திரைக்கு அசையாது. விட்டுவிட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சேதமாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை கட்டாயம், அரசு மருத்துவமனையில் இலவசம். அதில் டிபி கிருமி இல்லை, ஆஸ்துமாவும் இருக்கிறது என்றால், மொத்த ஐஜிஇயும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஇயும் பார்க்கச் சொல்லி நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கறுப்புச் சுவரைப் பார்த்ததும் 2021 ஞாபகம் வந்து நடுங்குபவர்கள் உண்டு. கொரோனா சமயத்தில் 'கருப்புப் பூஞ்சை' என்று பயமுறுத்திய மியூகார்மைகோசிஸ் வேறு ஜாதி. சர்க்கரை கட்டுக்கடங்காதவர்கள், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்கள் உடம்புக்குள் திசுவையே தின்ற தொற்று அது. சுவர்ப் பூசணத்துக்கும் அதற்கும் நேரடி உறவில்லை. பெனிசிலியம் பூஞ்சை ஒத்துக்கொள்ளாதவர் பெனிசிலின் ஊசிக்குப் பயப்படவும் வேண்டாம், இரண்டும் வேறு ஒவ்வாமைகள். மாவு புளிக்கிறதே, இட்லி சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பூசணம் பிடித்த பிரெட்டை மூக்கருகே வைத்து மோந்து பார்க்காதீர்கள். கசக்கும் நிலக்கடலையைத் துப்பிவிடுங்கள், அது ஒவ்வாமைச் சமாசாரமே அல்ல, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் விஷமாக இருக்கலாம்.

மருந்து விஷயத்தில்தான் நம் ஆட்கள் ரொம்பத் துணிச்சல். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின் வகை, போட்ட நிமிடமே மூக்கு திறக்கும். ஐந்து நாளைத் தாண்டினால் சொட்டு நின்றதும் மூக்கு முன்னைவிட இறுக அடைத்துக்கொள்ளும், பிறகு சொட்டு இல்லாமல் தூக்கம் வராது. கடைக்காரர் நாலு மாத்திரையைக் கலந்து பொட்டலம் கட்டித் தருகிறாரே, அதில் பல சமயம் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று ஒளிந்திருக்கும். இரண்டே வேளையில் 'ஆஹா' என்று இருக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். லீவோசெட்ரிசினும் மான்டிலுகாஸ்டும் சேர்ந்த மாத்திரை இப்போது மிட்டாய் மாதிரி விற்கிறது. மான்டிலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020 மார்ச்சில் கட்டம் கட்டி எச்சரித்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு பிள்ளை ராத்திரியில் அலறி எழுந்தால் பேய் ஓட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூக்கு ஒவ்வாமைக்கு உருப்படியான மருந்து ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற மூக்கு ஸ்பிரே. முதல் நாளே பலன் தெரியாது, ஒன்றிரண்டு வாரம் தினமும் போட்டால்தான் தெரியும். அதற்குள் 'வேலை செய்யலை' என்று தூக்கி எறிந்துவிடுகிறோம். மூக்கின் நடுச்சுவரில் படாமல் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி அடிக்க வேண்டும். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. ஆஸ்துமா என்றால் இன்ஹேலர், அது பழக்கமாகிவிடும் என்ற வதந்தியை நம்பிக் குழந்தைக்கு மறுக்காதீர்கள். அதேசமயம் உடனடி நிவாரணம் தரும் சால்ப்யூட்டமால் இன்ஹேலரை மட்டுமே நம்பியிருப்பதும் ஆபத்து. உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இலேயே அதைக் கைவிட்டுவிட்டது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் கூட வேண்டும். அதை எடுத்தபின் வாய் கொப்பளிக்க மறந்தால் வாயில் வேறொரு பூஞ்சை வளரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும். மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. கேரளத்திலிருந்து வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

எந்தப் பூஞ்சை என்று அறியத் தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது, 20 நிமிடத்தில் தெரியும். அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை நிறுத்த வேண்டும், டாக்டர் சொன்னபடி. இருநூறு பொருளுக்கு ஒரே பேக்கேஜ் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ரத்தப் பரிசோதனைக்கு நீங்களாகப் போகாதீர்கள். அதில் ஏதாவது நாற்பது பொருள் சிவப்பாக வரும், கத்தரிக்காயில் ஆரம்பித்துச் சாப்பாட்டையே விட்டுவிடுவீர்கள். சோதனை முடிவும் தொந்தரவும் பொருந்தினால்தான் அது ஒவ்வாமை.

இவ்வளவையும் நிதானமாகச் செய்யலாம். ஒரு நேரம் மட்டும் நிதானம் கூடாது. மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, விலா எலும்பின் இடுக்கு உள்வாங்குகிறது, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவள்கிறது என்றால், நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த சால்ப்யூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். ஆவி பிடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.